இடது காது

இடது காதுக்கு மட்டும்தான் வொய்ஸ்.
வலது காதை ரோட்டுக்கு விட்டிருக்கிறேன்.
முந்துகிறவன் எல்லாம் வலப்பக்கத்தால்தானே வருவான்;
இடப்பக்கம் மதில், வடிகான்,
கிழிந்த டியூசன் நோட்டீஸ்.
இது என்ர சட்டம். பொலிசுக்குத் தெரியாது.

வலது வயர் சும்மா இருக்காது.
சட்டைக்குள் விட்டால்
அந்தச் சின்ன வாய்
நெஞ்செலும்போடு முணுமுணுக்கும்.

போன வருசம் ருசாந்தன் பார்சலில் அனுப்பினது
இரண்டு காதையும் மூடுகிற பெரிய சாமான்.
போட்டால் உலகமே தலையணைக்குள் போய்விடும்.
வீட்டில் தேங்காய் துருவும்போது போடுவேன்,
ரோட்டுக்கு அது ஆகாது.

தோஹாவில் இரவு வேலை முடிந்து
கம்பனி பஸ்ஸில் குந்திக்கொண்டு
அவன் பேசி அனுப்புவான்.
காலையில் ஆரையம்பதியில் ஏறி மிதிக்கும்போது
நான் கேட்கத் தொடங்குவேன்.
நாலு நிமிசம், ஆறு நிமிசம்.
சண்டையென்றால் பதினொன்று;
அதாவது காத்தான்குடிப் பேரீச்சை மரங்கள் தொடங்கி
நாவற்குடா வரைக்கும்.
எந்த வொய்ஸும் 'பாத்துப் போ' என்றுதான் முடியும்.

வலது காது அதற்குள் தன் வேலையைச் செய்யும்.
கல்முனை பஸ் தூரத்திலேயே கோபத்தோடு வரும்.
பட்டா லொறிக்குப் பின்கதவு கலகலக்கும்.
பாண் ஓட்டோவுக்குப் பயமில்லை,
தன் மியூசிக்கைத் தானே கேட்டுக்கொண்டு போகும்.
மற்ற ஓட்டோக்களில் பாதி எங்கட லீசிங்தான்.
மூன்று மாதக் கட்டுக்காசு பிந்தினவர்
என் பின்னலைக் கண்டதும் எஞ்சினைத் தணித்து
பூனைபோல் பின்னால் ஊருவார்.
அந்தச் சத்தமில்லாத சத்தம்தான் ஆபத்து.
அதையும் கேட்கப் பழகிவிட்டேன்.

போன செவ்வாய், மஞ்சந்தொடுவாயில்,
அவன் சொல்லிக்கொண்டிருந்தான்:
'லீவு தரமாட்டானாம். தை மாதமும் இல்லையாம்.'
அப்போது ஒரு ஹோண்.
நீளமாக,
பிடரி மயிரைத் தொட்டுக்கொண்டு.

பிரேக்கை இறுக்கி ஹாண்டிலை ஒடித்து
வடிகானோரம் சரிந்து
ஒற்றைக் காலில் நின்றேன்.
சாப்பாட்டுப் பெட்டி மட்டும் தனியே பாய்ந்து
மதிலில் முட்டிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தால் ரோடு வெறுமை.
ஒரு மாடு. அதுவும் எதிர்ப்பக்கம்.
கடைவாசலுக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தவர்
'என்ன புள்ள, மாட்டுக்கா பிரேக்கு?' என்றார்.

திரும்பப் போட்டுக் கேட்டேன்.
தை மாதமும் இல்லையாம். ஹோண்.
அது அங்கே அடித்தது.
எந்த ரோட்டிலோ
எந்த லொறியோ
யாரையோ விலகச் சொல்லியிருக்கிறது.
நான் இங்கே விலகியிருக்கிறேன்.

சத்தம் வந்தது இடது காதில்.
இடப்பக்கம் மதில்.
மதிலுக்குள்ளால் லொறி வராதென்று
மூளைக்குத் தெரியும்,
முழங்காலுக்குத் தெரியாது.

மூன்றாம் தரம் ஏன் கேட்டேனோ.
ஹோணுக்குப் பிறகு இரண்டு செக்கன்
அவன் ஒன்றும் பேசவில்லை.
பஸ்ஸின் இரைச்சல் மட்டும் ஓடுகிறது.
மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று,
பிறகு, 'சரி, பாத்துப் போ.'
கட்டுக்காசு பிந்தினவனின் எஞ்சினைப்
பின்னாலேயே பிடிக்கிற எனக்கு
அது முதலில் விழவேயில்லை.

கல்லடியில் பழைய பாலத்தில் ஏறி
சைக்கிளைக் கம்பியில் சாய்த்தேன்.
கீழே மீன் பாடுமாம்.
என்னிடம் இருப்பது இரண்டு காது,
இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

என்ன சொல்கிறதென்று தெரியாமல்
பட்டனை அமத்திக்கொண்டு நின்றேன்.
சோறு கொட்டுப்பட்டதைச் சொன்னேன்.
மாட்டைச் சொன்னேன்.
புதுப் பாலத்தால் கல்முனை பஸ் போனது,
அடித்த அடியில் இரும்பெல்லாம் அதிர்ந்தது.

அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம்.
அழிக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.
அவனும் எங்கேயாவது
கொஞ்சம் ஓரமாய் ஒதுங்கட்டும்.